ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி: தமிழ் கம்ப்யூட்டருக்குள் நுழைந்த கதை

ஆங்கில கீபோர்டில் சிறிய எழுத்தில் ஜே, கே, பி, ஓ என்று வரிசையாகத் தட்டிவிட்டு, கடைசியில் ஒரு அரைப்புள்ளி வையுங்கள். பார்த்தால் அர்த்தமே இல்லாத எழுத்துக் குப்பை. அதையே தேர்வு செய்து எழுத்துருவை 'பாமினி' என்று மாற்றுங்கள். திரையில் 'தமிழ்' என்று வந்து நிற்கும்!

இது மந்திரம் அல்ல, ஒரு சின்ன ஏமாற்று வேலை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது இன்னமும் அந்த ஆங்கில எழுத்துகள்தான். 'ஜே'வின் உருவம் இருக்க வேண்டிய இடத்தில் 'த'வின் உருவத்தை வரைந்து வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், காதணி விழா ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று தமிழ்நாட்டின் சிறு ஊர்களில் அச்சான கோடிக்கணக்கான வரிகள் இந்த ஏமாற்று வேலையில்தான் உருவாகின. நாமக்கல்லில் இருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் சேந்தமங்கலம் போன்ற பேரூராட்சிகளில் தமிழும் கம்ப்யூட்டரும் முதலில் சந்தித்துக்கொண்ட இடம் டி.டி.பி. கடைதான். இணையம், இமெயில் எல்லாம் அப்புறம்தான்.

அந்தச் சந்திப்புக்குப் பின்னால் ஒரு நீளமான வரலாறு இருக்கிறது. அதில் சிங்கப்பூர் வருகிறது, சுவிட்சர்லாந்து வருகிறது, கொஞ்சம் டென்மார்க்கும் வருகிறது.

டென்மார்க்குக்கும் இதே தலைவலி

டென்மார்க்குக்கும் தமிழுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பலருக்கும் தரங்கம்பாடி ஞாபகத்துக்கு வரும். டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக் அனுப்பிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706ல் அங்கே வந்து இறங்கினார். தமிழ் எழுத்துகளை ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து வரவழைத்து, 1715ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்தார்கள். அதற்கும் முன்பே, 1578ல், போர்ச்சுகீசியப் பாதிரியார்கள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டிருந்தார்கள். புது இயந்திரம் ஒன்று வரும்போதெல்லாம் தமிழ் எழுத்தை அதற்கேற்ப யாராவது மறுபடி வார்க்க வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டரிலும் அதேதான் நடந்தது.

கம்ப்யூட்டர் காலத்தில் டென்மார்க்கே இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டது என்பது சுவாரசியமான விஷயம். அமெரிக்கர்கள் உருவாக்கிய 'ஆஸ்கி' குறியீட்டில் இருந்தவை 128 இடங்கள் மட்டுமே. ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி, சில கட்டளைகள் - இதோடு இடம் தீர்ந்தது. டேனிஷ் மொழியில் ஆங்கிலத்தில் இல்லாத எழுத்துகள் மூன்றே மூன்று. பெரிய வடிவம், சிறிய வடிவம் என்று கணக்குப் போட்டால் ஆறு இடம் வேண்டும். அந்த ஆறுக்கும் இடமில்லை! என்ன செய்தார்கள்? சதுர அடைப்புக்குறி, நெளி அடைப்புக்குறி மாதிரியான ஆறு குறிகளைத் தூக்கிவிட்டு அந்த இடங்களில் தங்கள் எழுத்துகளை வைத்தார்கள். பாமினி செய்த அதே வேலை! இதனால் சி மொழியில் புரோகிராம் எழுதிய டேனிஷ்காரர்களுக்குத் திரையில் அடைப்புக்குறிக்குப் பதிலாக அவர்கள் மொழி எழுத்துகள் தெரிந்தன.

சி பிளஸ் பிளஸ் மொழியை உருவாக்கிய பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் பிறந்தவர். டர்போ பாஸ்கலை எழுதிய ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் கோபன்ஹேகன்காரர். பி.எச்.பி.யை 1995ல் வெளியிட்ட ராஸ்மஸ் லெர்டார்ஃப் கிரீன்லாந்தில் பிறந்தவர். தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிக் கம்ப்யூட்டர் பாடத்தில் சி பிளஸ் பிளஸ் படித்தவர்களும், தமிழ் விக்கிப்பீடியாவை ஒருமுறையாவது திறந்தவர்களும் இவர்களுக்குக் கடன்பட்டவர்கள்தான். விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருள் பி.எச்.பி.யில் எழுதப்பட்டது.

டேனிஷ்காரர்களின் சிக்கல் 1980களின் இறுதியில் தீரத் தொடங்கியது. 256 இடங்கள் கொண்ட புதிய தரம் வந்தது. மேற்கு ஐரோப்பிய மொழிகள் பெரும்பாலும் அதில் அடங்கிவிட்டன. தமிழுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247. கிரந்த எழுத்துகள் தனி. எங்கே போய் வைப்பது?

தட்டச்சுப் பொறி சொல்லிக் கொடுத்த பாடம்

247 எழுத்துக்கு 247 விசை தேவையில்லை என்பதை முதலில் நிரூபித்தவர்கள் தட்டச்சுப் பொறிக்காரர்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கு வேலைக்குப் போன ஆர். முத்தையா 1930களில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித் துண்டுகளாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால் எழுத்து முழுமையாகும்படி அமைத்தார். 1978ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாக வந்தபோது, பழைய வடிவ 'ணா', 'லை' போன்றவற்றின் தனி உருவங்களும் போயின. இயந்திரத்துக்கு இன்னும் கொஞ்சம் பாரம் குறைந்தது.

ஊருக்கு ஊர் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்த ஒரு தலைமுறையே இந்த விசை வரிசையில் பழகியிருந்தது. பின்னாளில் டி.டி.பி. கடைகளில் போய் உட்கார்ந்தவர்களும் அவர்கள்தான். விரல் பழகிய வரிசையை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பது பிறகு தெரிய வந்தது.

கடல் கடந்தவர்கள் கட்டிய பாலம்

தமிழைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்த முதல் முயற்சிகளில் பல தமிழ்நாட்டுக்கு வெளியே நடந்தவை. காரணம் எளிமையானது. அங்கே இருந்தவர்கள் கையில் கம்ப்யூட்டர் இருந்தது, பக்கத்தில் தமிழ் இல்லை.

கனடாவில் கு. சீனிவாசன் 1980களிலேயே 'ஆதமி' என்ற தமிழ்ச் செயலியை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985ல் 'முரசு' தொடங்கினார். அது பிறகு 'முரசு அஞ்சல்' ஆக வளர்ந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை உருவாக்கி இலவசமாகவே கொடுத்தார். அவர் முன்னின்று 1998 பொங்கல் அன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்', பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களே தட்டச்சு செய்து இலவசமாக வலையேற்றியது. திருக்குறளைத் தேடிப் போன வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அங்கேதான் போய்ச் சேர்ந்தார்கள்.

சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி. எழுத்தாளர், ஆசிரியர். சிங்கப்பூர்க் கவிதைகளை அந்நாட்டின் நான்கு மொழிகளிலும் வலையேற்றிய திட்டத்தில் தமிழ்ப் பகுதி அவர் உழைப்பில் வந்தது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர் அதிபர் ஓங் டெங் சியோங் அதைத் தொடங்கி வைத்தார். தமிழ் எழுத்து இணையத்தில் ஏறிய முதல் பக்கங்களாக அவை கருதப்படுகின்றன. 'இணையம்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்ற பெருமையும் அவருக்கே கொடுக்கப்படுகிறது. 1999ல், தான் ஆரம்பித்து வைத்தது எவ்வளவு பெரிதாகப் போகிறது என்று பார்க்காமலே இறந்துபோனார்.

ஆளுக்கொரு ஃபாண்ட்!

இத்தனை பேர் இத்தனை ஊரில் வேலை செய்ததில் ஒரு விபரீதமும் நடந்தது. ஒவ்வொருவரும் 'க'வை ஒவ்வொரு இடத்தில் வைத்தார்கள். மயிலையில் எழுதியதை பாமினியில் திறந்தால் குப்பை. பாமினியில் எழுதியதை வானவில்லில் திறந்தால் வேறு குப்பை. தமிழ்ப் பத்திரிகைகள் 1990களின் பின்பாதியில் இணையத்துக்கு வந்தபோது, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு எழுத்துரு வைத்துக்கொண்டது. நாலு பத்திரிகை படிக்க நாலு எழுத்துரு இறக்க வேண்டும். டயல்-அப் காலத்தில் அது சின்ன வேலையா? இறக்கிய பின்னும் சொந்தக் கம்ப்யூட்டராக இருந்தால்தான் நிறுவ முடியும். ப்ரவுசிங் சென்டரில் உட்கார்ந்தவர் கட்டம் கட்டமாகத் தெரிந்ததைப் பார்த்துவிட்டு எழுந்து வர வேண்டியதுதான்.

இதை ஒழுங்குபடுத்த 1997 மேயில் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. அதே காலத்தில் மடற்குழுவில் கூடிய தன்னார்வலர்கள் பேசிப் பேசி 'திஸ்கி' என்ற தரத்தை உருவாக்கினார்கள். 256 இடங்களில் முதல் பாதியில் ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிட்டு, மேல் பாதியில் மட்டும் தமிழை வைத்தது திஸ்கி. ஒரே கடிதத்தில் ஆங்கிலமும் தமிழும் சண்டை போடாமல் வந்தன.

1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு. முதல்வராக இருந்த கருணாநிதி ஆதரவில் நடந்தது. தமிழ் மட்டும் எழுத 'தாம்', ஆங்கிலத்தோடு கலந்து எழுத 'தாப்' என்று இரண்டு குறியீடுகளும், 'தமிழ் 99' விசைப்பலகையும் அங்கிருந்து வந்தன. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். அதாவது 'பக்கம்' என்று அடிக்கப் புள்ளிக்கென்று தனியாக மெனக்கெட வேண்டாம். நன்றாக யோசித்துச் செய்த வேலை. இணையவழிக் கல்விக்கான தமிழ் இணையப் பல்கலைக்கழகமும் இந்த மாநாட்டு அறிவிப்பில் இருந்து பிறந்து 2001ல் செயல்பாட்டுக்கு வந்தது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம்.

ஆனால் நடைமுறையில்? டைப்ரைட்டிங் படித்தவர் பழைய வரிசையை விடவில்லை. ஆங்கில உச்சரிப்பில் அடித்துப் பழகியவர் அதை விடவில்லை. அரசு தரம் வந்த பிறகும் அலுவலகங்களில் வானவில் தொடர்ந்தது. வணிகவியலில் 'மாற்றுச் செலவு' என்று சொல்வார்கள். புதிய பொருள் இலவசமாகவே கிடைத்தாலும், பழைய பழக்கத்தை விடுவதற்கு ஆகும் நேரமும் உழைப்பும் ஒரு செலவுதான். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தட்டச்சருக்கு வேகம் குறைந்தால் அன்றைய வருமானம் குறையும். அவர் ஏன் மாற வேண்டும்?

ப்ரவுசிங் சென்டரும் கிராமக் கியோஸ்க்கும்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15ல் தொடங்கியது. ஆரம்பத்தில் கிடைத்த வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். அதற்கும் ஆயிரக்கணக்கில் கட்டணம். 1998 நவம்பரில் தனியாருக்குக் கதவு திறந்தபோது முதலில் நுழைந்தது சென்னையின் சத்யம் இன்ஃபோவே (சிஃபி). அதன் பிறகுதான் ப்ரவுசிங் சென்டர்கள் ஊர் ஊராகப் பரவின.

மரப்பலகைத் தடுப்பு, பிளாஸ்டிக் நாற்காலி, மணிக்கணக்கு எழுதும் நோட்டு, யாகூ மெசஞ்சர், ஆர்குட், ப்ளஸ் டூ ரிசல்ட் அன்று வாசல் வரை நிற்கும் கூட்டம்... ஒரு தலைமுறைக்கு இணையம் என்றால் இதுதான். 2011ல் மத்திய அரசு விதிகளே வகுத்து, வாடிக்கையாளரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், தடுப்பு நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது என்றெல்லாம் சொன்னது. அதற்குள் அந்தத் தொழிலே தேய ஆரம்பித்திருந்தது. ஆர்குட் 2014லும் யாகூ மெசஞ்சர் 2018லும் மூடப்பட்டன.

இந்த சென்டர்களில் தமிழ் எப்படி இருந்தது? பெரும்பாலும் ஆங்கில எழுத்தில். 'எப்படி இருக்கே' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துத்தான் அரட்டை அடித்தார்கள். தமிழ்தான் பேசினார்கள், தமிழ் எழுத்து மட்டும் வெளியே நின்றது.

கிராமங்களுக்கு இணையத்தைக் கொண்டுபோன முயற்சிகளும் இதே காலத்தவை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ல் புதுச்சேரி பக்கம் வில்லியனூரை மையமாக வைத்து கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. (கொல்லிமலையில் சாமை, தினை போன்ற சிறுதானியங்களைக் காக்க 1990களில் இருந்து வேலை செய்யும் அதே நிறுவனம்தான்.) அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயர முன்னறிவிப்பை இறக்கி, தமிழாக்கி, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் பயன்பட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று நல்லவாடு கிராமத்துக்கு, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து எச்சரிக்க, அந்த மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே வெளியேற்றினார்கள். ஊர் பிழைத்தது. அன்று உயிரைக் காப்பாற்றியது பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. புரியும் மொழியில், சரியான நேரத்தில் வந்த ஒரு செய்தி, அவ்வளவுதான்.

மதுரை மாவட்டம் மேலூரில் 2001ல் இன்னொரு பரிசோதனை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில் கிராமக் கியோஸ்க்குகள் திறக்கப்பட்டன. பிறப்புச் சான்று, முதியோர் பென்ஷன் விண்ணப்பம் எல்லாம் தாலுகா ஆபீஸுக்கு இமெயிலில் போயின. பஸ் காசும் ஒரு நாள் கூலியும் மிச்சம். ஆனாலும் சில ஆண்டுகளிலேயே பல கியோஸ்க்குகள் மூடப்பட்டன. நடத்தியவர்கள் உள்ளூர் இளைஞர்கள், இளம்பெண்கள். கடன் தவணை, கரண்ட் பில், ரிப்பேர் எல்லாவற்றையும் அந்த வருமானத்தில் சமாளிப்பது கடினமாக இருந்தது. சேவைக்குத் தேவை இருந்தது, தொழிலாக அது நிற்கவில்லை. இன்றைய இ-சேவை மையங்களைப் பார்க்கும்போது அந்தக் கியோஸ்க்குகள் கொஞ்சம் சீக்கிரமே பிறந்துவிட்டன என்று தோன்றும்.

யூனிகோடு வந்தது, கதவு திறந்தது

உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே குறியீடு என்ற யோசனைதான் யூனிகோடு. அதன் முதல் பதிப்பிலேயே, 1991ல், தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. இந்திய அரசின் 'இஸ்கி' தரத்தை ஒட்டி 128 இடங்கள். உயிர்மெய்களுக்குத் தனி இடம் கிடையாது. 'க' ஒரு இடம், கொம்பும் காலும் சேர்ந்த குறி ஒரு இடம், இரண்டும் சேர்ந்தால் 'கொ'. தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி இடம் வேண்டும் என்ற வாதம் நீண்ட காலம் நடந்தது. அந்த வாதத்தின் விளைவாக வந்ததுதான் 'டேஸ் 16'. 2010ல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டி தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16ஐயும் அரசுத் தரமாக ஏற்றது.

ஆனால் மக்கள் அரசாணைக்காகக் காத்திருக்கவில்லை. விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவுடன் வந்தது. அடுத்து வந்த எக்ஸ்.பி.யில் கண்ட்ரோல் பேனலுக்குள் போய், சி.டி.யைப் போட்டு, ஒரு டிக் அடித்தால் யூனிகோடு தமிழ் சரியாகத் தெரிந்தது. அந்த ஒரு டிக்கைப் பற்றி அந்தக் காலத்தில் எழுதப்பட்ட விளக்கங்கள் எத்தனை! தட்டச்சுக்கு விசுவநாதனின் 'அழகி', முகுந்த் மற்றும் தமிழா குழுவின் 'இ-கலப்பை', பிறகு 'என்.எச்.எம். ரைட்டர்'. பழைய எழுத்துருவில் இருந்து மாற்ற சுரதாவின் 'பொங்குதமிழ்'. முக்கால்வாசி இலவசம். 2005 ஏப்ரலில் மத்திய அரசே சி-டாக் மூலம் தமிழ் எழுத்துருக்களும் மென்பொருள்களும் அடங்கிய சி.டி.யை இலவசமாக வெளியிட்டது. இந்திய மொழிகளில் முதலில் வந்தது தமிழ் சி.டி.தான்.

விளைவு உடனே தெரிந்தது. 2003 செப்டம்பரில் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. கொழும்பில் இருந்தும் துபாயில் இருந்தும் நாமக்கல்லில் இருந்தும் முன்பின் தெரியாதவர்கள் ஒரே கட்டுரையைத் திருத்தினார்கள். 2004 ஆகஸ்டில் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' திரட்டியைத் தொடங்கினார். எழுத்தாளர் என்ற பட்டம் இல்லாதவர்கள் எழுத வந்தார்கள். அதுவரை பத்திரிகை ஆசிரியருக்குத் தபால் அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு, அன்றைக்கு எழுதி அன்றைக்கே வாசகரைப் பார்க்கும் அனுபவம். இதற்கெல்லாம் அடிப்படை ஒன்றே ஒன்று. ஒருவர் அடித்த 'க' இன்னொருவர் திரையிலும் 'க'வாகவே தெரிந்தது.

மலை இறங்கிய லேப்டாப்

தமிழ் தயாரானது. கருவி? சொந்தக் கம்ப்யூட்டர் என்பது சாதாரணக் குடும்பத்துக்கு நெடுநாள் எட்டாக்கனி. 2011 செப்டம்பர் 15ல் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் ப்ளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும். விண்டோஸோடு, சி-டாக்கின் 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன.

நாமக்கல் மாவட்டத்தில் இதன் அர்த்தம் இடத்துக்கு இடம் மாறும். முட்டை, லாரி என்று பணம் புழங்கும் நகரத்தில் அது வீட்டின் இரண்டாவது கம்ப்யூட்டராக இருந்திருக்கலாம். காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் கொல்லிமலை கிராமங்களில், அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அது குடும்பத்தின் முதல் கம்ப்யூட்டர். அதைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்கு மலை இறங்கியவர்களில் பலர், அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும்கூட.

லேப்டாப் இருந்தும் இணையம் இல்லாமல் என்ன செய்வது என்ற கேள்விக்கு போன் பதில் சொன்னது. அதிலும் தமிழ் லேசாக வந்துவிடவில்லை. பழைய மொபைல்களில் ஆபெரா மினியின் அமைப்புக்குள் போய், எழுத்துகளைப் படமாகக் காட்டச் சொல்லித்தான் தமிழ் படித்தார்கள். ஆரம்பகால ஆண்ட்ராய்டில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நின்றது. முத்து நெடுமாறனின் 'செல்லினம்' போனில் தமிழ் அடிக்க வழி செய்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, தமிழ் விசைப்பலகை என்ன, பேசினாலே எழுதிக்கொள்ளும் வசதியும் சாதாரணமாகிவிட்டது. 2020 கொரோனா ஆன்லைன் வகுப்புகளின்போது மலைக் கிராமங்களில் பாறைமேலும் மரத்தடியிலும் சிக்னல் தேடிய மாணவர்கள் இன்னொரு உண்மையைக் காட்டினார்கள். மொழிச் சிக்கல் தீர்ந்த இடத்தில் டவர் சிக்கல் மிச்சம் இருந்தது.

பூட்டிக் கிடக்கும் பக்கங்கள்

எல்லாம் சுபம் என்று முடிக்கலாம்தான். ஆனால் அந்த ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி இன்னும் முடியவில்லை.

டி.டி.பி. கடைகள் யூனிகோடுக்கு முழுதாக மாறாததற்குச் சோம்பேறித்தனம் காரணம் அல்ல. அவர்கள் தொழில் பழகியது பேஜ்மேக்கரில். அதற்கு யூனிகோடு தெரியாது. பழைய போட்டோஷாப்பிலும் கோரல் டிராவிலும் யூனிகோடு தமிழ் உடைந்து போகும். நாலு மணிக்குள் ஃப்ளெக்ஸ் வேண்டும் என்று வாடிக்கையாளர் நிற்கும்போது, உடையாத பாமினியை விட்டுவிட்டு யாரும் பரிசோதனை செய்ய மாட்டார்கள். அச்சானால் சரியாக இருக்கிறது. பிறகென்ன?

பிறகுதான் பிரச்சினை. 'கொல்லிமலை' என்று கம்ப்யூட்டரில் தேடினால், பாமினியில் அடித்த கோப்பு அகப்படாது. அதற்குள் 'கொல்லி' என்பது என், எஃப், எச், ஒய், அரைப்புள்ளி, ஒய், பி என்றுதான் இருக்கிறது. அதிலும் கொம்பு முதலில், 'க' பிறகு, கால் அதற்குப் பிறகு. யூனிகோடில் வரிசையே வேறு. அதனால் இடத்தை மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் மாற்ற வேண்டும். எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தால் மாற்றிகள் நொடியில் செய்துவிடும். தெரியாவிட்டால் யூகிக்க வேண்டும். எழுத்துருவின் பெயரையே அறியாத ஒரு தலைமுறை வந்த பிறகு அந்தக் கோப்பு வெறும் குப்பைதான்.

கல்யாணப் பத்திரிகை போனால் போகட்டும். ஆனால் அந்த ஹார்ட் டிஸ்க்குகளில் அது மட்டுமா இருக்கிறது? கோயில் தல வரலாறு, பள்ளி ஆண்டு மலர், உள்ளூர்க் கவிஞர் சொந்தக் காசில் போட்ட தொகுப்பு, ஊர்ச் சங்கங்களின் ஆண்டறிக்கை, பெரியவர் ஒருவர் சொல்லச் சொல்ல அடித்து வைத்த குடும்ப வரலாறு... சென்னையிலும் சிங்கப்பூரிலும் பாதுகாக்க நிறுவனங்கள் உண்டு. சிறு ஊரின் எழுத்துக்கு அந்த ஊர்க் கடையின் கம்ப்யூட்டர்தான் காப்பகம். அது ரிப்பேர் ஆனால் எடைக்குப் போகும். ஓலைச்சுவடி செல்லரிக்க நூற்றாண்டு ஆனது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பத்து வருடம் போதும்.

டென்மார்க்கில் இந்த ஆபத்து அதிகம் இல்லை. அவர்கள் மாற வேண்டியிருந்தது ஆறு எழுத்து, அதுவும் ஒரே நாட்டுத் தரத்தில் இருந்து. தமிழில் எத்தனை எழுத்துரு, எத்தனை வரிசை!

வழி இல்லாமல் இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் எழுத்துரு மாற்றியை இலவசமாகக் கொடுக்கிறது. பாமினி, வானவில், தாப், தாம், திஸ்கி போன்றவற்றில் இருந்து யூனிகோடுக்கு மாற்ற இணையத்தில் வேறு கருவிகளும் உண்டு. டி.டி.பி. கடை வைத்திருக்கும் மாமாவோ அண்ணனோ தெரிந்தவர்களில் இருந்தால், பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடும் முன் ஒருமுறை கேளுங்கள். ஊர் சம்பந்தப்பட்ட கோப்புகளை ஒரு பென் டிரைவில் வாங்கி, எந்த எழுத்துருவில் அடித்தது என்பதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். அடித்தவர் பக்கத்தில் இருக்கும்போதே மாற்றிவிட்டால், சந்தேகம் வரும் இடங்களை அவரே சரிசெய்து கொடுப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.